ரசத்துக்கு முன்னால் எத்தனை ஸ்க்ரோல்? சமையல் தளங்கள் மறந்துபோன வாசகர்

மிளகு ரசம் வைக்க 15 நிமிடம் போதும். அதை எப்படி வைப்பது என்று போனில் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது?

தேடலில் வரும் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதலில் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று ஒரு பெட்டி. அதை மூடினால், ரசத்தின் பெருமை பற்றி நான்கு பத்தி. மிளகின் மருத்துவ குணங்கள் பற்றி இன்னும் மூன்று. நடுவே ஒரு கார் லோன் விளம்பரம். கீழே மூலையில் தானாக ஓடும் வீடியோ ஒன்று, அதை மூடும் பட்டன் கடுகளவு. 'தேவையான பொருட்கள்' கண்ணில் பட்டதும் விரலை வைத்தால், அந்த நொடியில் பக்கம் துள்ளி, விரல் விளம்பரத்தில் போய் விழுகிறது. திரும்பி வந்தால் பக்கம் மறுபடி முதலில் இருந்து லோடு ஆகிறது. அடுப்பில் எண்ணெய் புகைய ஆரம்பித்திருக்கும்.

இதைச் சின்ன எரிச்சல் என்று ஒதுக்கிவிடலாம்தான். வீட்டில் சமைக்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் அது சின்ன எரிச்சலேதான். அப்படி யாரும் இல்லாத இடங்கள் இருக்கின்றன.

கும்மிடிப்பூண்டியின் இரவு 10.30

சென்னை சென்ட்ரலில் இருந்து கூடூர் செல்லும் பாதையில், ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தின் சிப்காட் தொழிற்பேட்டைகளில் பழையது இங்கே. அதே தாலுகாவில் தேர்வாய்கண்டிகையில் இன்னொன்று. இரும்பு ஆலைகள், டயர் ஆலை, உதிரிபாக யூனிட்டுகள் என்று வேலை இருக்கிறது. வேலைக்காக வந்தவர்களும் இருக்கிறார்கள். டிப்ளமோ முடித்துத் தென் மாவட்டங்களில் இருந்து வந்த பையன்கள், டிரெய்னியாகச் சேர்ந்த பெண்கள், ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த தொழிலாளர்கள். சிலர் ஆலை ஹாஸ்டலில், பலர் கவரைப்பேட்டை, பொன்னேரி வரை பரவிக் கிடக்கும் வாடகை ரூம்களில்.

மதியம் 2 மணி ஷிஃப்ட் இரவு 10-க்கு முடியும். ரூமுக்கு வரும்போது 10.30. அந்த ரூமில் என்ன இருக்கும்? ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு சின்ன குக்கர், ஒரு தோசைக்கல், இரண்டு டம்ளர். மிக்ஸி அநேகமாக இருக்காது. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். அந்த நேரத்துக்கு அவர் தூங்கியிருப்பார். கேட்டாலும் "கண் அளவுக்குப் போடுப்பா" என்பதுதான் பதில். கையில் இருப்பது போன். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா, அதில் பாதி ரயிலிலேயே தீர்ந்திருக்கும்.

இந்த வாசகர் ரசத்தின் வரலாற்றைத் தேடி வரவில்லை. அவருக்கு ஐந்தே வரி வேண்டும். அது இரண்டு நிமிடத்தில் கிடைக்காவிட்டால் கடைப் பரோட்டா, அல்லது நூடுல்ஸ் பாக்கெட், அல்லது எதுவும் இல்லாமல் படுக்கை. மாதம் முழுக்க இப்படிப் போனால் சம்பளத்தில் எவ்வளவு சாப்பாட்டுக்கே கழிகிறது என்பது ரூமில் தங்கியவர்களுக்குத் தெரியும். வயிறு என்ன சொல்லும் என்பதும் தெரியும்.

தமிழில் எழுதப்படும் பெரும்பாலான சமையல் குறிப்புகள் இவரை மனதில் வைத்து எழுதப்படவே இல்லை. நான்கு பேர் குடும்பம், கேஸ் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், மாலையில் இரண்டு மணி நேரம் ஓய்வு. இதுதான் அந்தக் குறிப்புகள் கற்பனை செய்துகொள்ளும் வீடு.

குப்பை ஏன் சேர்கிறது?

எழுதுபவர்களுக்கு வாசகர் மேல் கோபம் எதுவும் இல்லை. கணக்குதான் காரணம்.

சமையல் தளத்தில் யாரும் காசு கொடுத்துப் படிப்பதில்லை. வருமானம் விளம்பரத்தில் இருந்து வருகிறது. பத்து வரிக் குறிப்பில் ஒரு விளம்பரத்துக்குத்தான் இடம் இருக்கும். அதே குறிப்பைப் பாட்டி கதை, பயன்கள், 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று நீட்டினால் ஒவ்வொரு பத்திக்கும் நடுவே ஒன்று சொருகலாம். வாசகர் கீழே வரவர விளம்பரங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நீளமாக எழுதினால் கூகுள் மேலே தூக்கி வைக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது.

தமிழில் இது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை 2003-ல் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களுக்கு அதிகாரபூர்வமாக வந்தது 2018-ல்தான். அதற்கு முன் தமிழில் சமையல் எழுதியவர்களில் பலர் ஆசைக்காக எழுதியவர்கள். அந்தப் பழைய வலைப்பூக்களில் புகைப்படம் மங்கலாக இருக்கும், ஆனால் குறிப்பு முதல் திரையிலேயே இருக்கும். இன்று படம் பளிச்சென்று இருக்கிறது. குறிப்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது. நாளிதழ்களின் சமையல் பக்கங்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வீடியோவிலும் இதே கதை. யூடியூபில் ஒரு வீடியோவின் நடுவே விளம்பரம் போட வேண்டும் என்றால் அது 8 நிமிடமாவது ஓட வேண்டும். 2020 ஜூலை வரை இந்த வரம்பு 10 நிமிடமாக இருந்தது. மூன்று நிமிட முட்டைப் பொரியல் ஏன் எட்டரை நிமிடம் ஓடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

சட்டமும் ஒரு வகையில் இதைத் தள்ளிவிடுகிறது. பொருட்களின் வெறும் பட்டியலுக்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்காவின் காப்புரிமை அலுவலகம் தெளிவாகவே சொல்கிறது. இந்தியாவிலும், கருத்துக்குக் காப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஒரு திரைப்பட வழக்கில் சொல்லிவிட்டது. 'புளி, மிளகு, சீரகம்' என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். பாட்டி கதையை அப்படி எடுக்க முடியாது. ஆகவே கதை வளர்கிறது.

கூகுளுக்கு இலை, வாசகருக்கு வரிசை

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த நெரிசலான பக்கத்துக்குள்ளேயே சுத்தமான குறிப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வாசகரின் கண்ணுக்குத்தான் அது தெரிவதில்லை.

2011-ல் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொது வடிவம் ஒன்றை உருவாக்கின. ஒரு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குப் புரியவைப்பதற்கான வடிவம் அது. சமையல் குறிப்புக்கென்றே அதில் தனிப் படிவம் உண்டு: பெயர், பொருட்கள், படிகள், ஆகும் நேரம், எத்தனை பேருக்கு. தேடலில் படத்தோடும் நேரத்தோடும் அழகாக வர விரும்பும் தளங்கள் இந்தப் படிவத்தை நிரப்பி, பக்கத்தின் பின்னால் ஒளித்து வைக்கின்றன. கதை இல்லை, விளம்பரம் இல்லை, மிளகின் மகிமை இல்லை.

அதாவது இயந்திரத்துக்கு இலை போட்டு நேராகப் பரிமாறுகிறார்கள். பசியோடு வந்த மனிதரை வரிசையில் நிற்க வைக்கிறார்கள். எளிய குறிப்பு கொடுப்பது கூடுதல் வேலை என்று எந்தத் தளமும் இனி சொல்ல முடியாது. வேலை முடிந்துவிட்டது, காட்ட மனம் வர வேண்டும், அவ்வளவுதான். சில தளங்கள் மேலே 'குறிப்புக்குச் செல்' என்று பட்டன் வைத்திருக்கின்றன. நல்லது. ஆனால் மிச்சமெல்லாம் வாசகருக்காக எழுதப்படவில்லை என்று அந்த பட்டனே ஒப்புக்கொள்கிறது.

சுரண்டி எடுத்தால் சரியாகிவிடுமா?

'அப்படியானால் குறிப்பை மட்டும் பிரித்தெடுக்கும் ஆப் போதுமே' என்று கேட்கலாம். அப்படிப்பட்டவை இருக்கின்றன. 2021-ல் ரெசிபீஸ்லி என்ற தளம் 'விளம்பரமும் வாழ்க்கைக் கதையும் இல்லாமல் உங்களுக்குப் பிடித்த குறிப்புகள்' என்ற ரீதியில் அறிமுகமானது. தொடங்கிய வேகத்திலேயே சமையல் எழுத்தாளர்களிடம் இருந்து கடும் எதிர்ப்பு வந்தது. பல முறை சமைத்துப் பார்த்து எழுதுவது நாங்கள், அதில் வரும் வருமானத்தை நீங்கள் வெட்டுவதா என்பது அவர்களின் கேள்வி. நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டுத் தளத்தை இறக்கிவிட்டார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானது. குறிப்பு சும்மா வருவதில்லை. அரிசி வாங்க வேண்டும், இரண்டு தடவை குழைய வேண்டும், மூன்றாவது தடவை சரியாக வர வேண்டும்.

யாரும் சமைத்துப் பார்க்காத குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு 2024 மே மாதம் ஓர் உதாரணம் கிடைத்தது. பீட்சாவில் சீஸ் ஒட்டவில்லை என்று கேட்டவர்களுக்கு, சாஸில் கொஞ்சம் பசை சேர்க்கச் சொன்னது கூகுளின் ஏஐ சுருக்கம். பல வருடங்களுக்கு முன் யாரோ விளையாட்டாக எழுதிய ஒரு வரியை அது நிஜம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. பார்க்க எளிமையான பதில்தான். கதையும் இல்லை, விளம்பரமும் இல்லை. சமைத்துப் பார்த்த ஆள்தான் இல்லை.

இரவு 10.30-க்கு இருக்கும் வாசகருக்கு வேண்டிய எளிமை அது இல்லை. யாரோ ஒருவர் சமைத்து, தவறி, திருத்தி, அதன்பிறகு சுருக்கியது வேண்டும்.

1951-லேயே ஒருவர் செய்த வேலை

தமிழில் அதற்கு முன்னோடி தேட வெளியே போக வேண்டாம். 'சமைத்துப் பார்' புத்தகத்தின் முதல் பாகம் 1951-ல் வந்தது. எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், நன்றாகச் சமைப்பவர். இது எப்படி, அது எப்படி என்று உறவினர்கள் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதையே புத்தகமாக எழுதிவிடேன் என்று ஊக்கப்படுத்தியவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். கல்யாணமாகி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போன பெண்களின் பெட்டியில் இந்தப் புத்தகம் கூடவே போனது.

கவனிக்க வேண்டியது அந்தக் கடிதங்களை. கேட்டவர்கள் தொலைவில் இருந்தார்கள், தனியாக இருந்தார்கள், பக்கத்தில் பெரியவர்கள் இல்லை. இன்று கும்மிடிப்பூண்டி ரூமில் இருப்பவரின் நிலையும் அதேதான். மீனாட்சி அம்மாள் அவர்களுக்கு என்ன செய்தார்? கண் அளவை, எண்ணிப் போடும் அளவாக மாற்றினார். இந்தியாவில் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்ததே 1956-ல்தான். அதனால் அவருடைய கணக்கு ஆழாக்கும் பலமும். இன்று அதைப் படிக்க ஒரு மாற்று அட்டவணை தேவைப்படலாம். அது முழுக்கச் சைவச் சமையல், ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் சமையலறை. பழவேற்காட்டு இறாலுக்கு அதில் இடமில்லை. ஆனால் கேட்டவருக்கு என்ன வேண்டுமோ அதைக் கேட்ட வரிசையில் சொல்வது என்ற பழக்கம் அதில் இருக்கிறது. படித்து முடித்ததும் சமைக்கத் தொடங்கலாம்.

வீடியோவிலும் தமிழ்நாடு ஒரு நல்ல உதாரணம் காட்டியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் இருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. அதில் பேச்சு குறைவு. சட்டியில் விழும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் உரக்கக் கத்துவார்கள், அவ்வளவுதான். தமிழ் தெரியாதவருக்கும் என்ன விழுகிறது, எப்போது விழுகிறது என்று புரியும். சமைப்பது ஊருக்கே போதுமான அளவு என்பதால் ஒரு ரூமுக்கு அதை வகுத்துப் பார்க்க முடியாது, அது வேறு விஷயம். வளவளப்பு இல்லாவிட்டால் ஆள் வராது என்று சொல்பவர்களுக்கு அந்த ஒரு கோடி நல்ல பதில்.

எளிமை என்றால் சுருக்கமா?

இங்கேதான் எளிமைக் கட்சிக்காரர்களும் கொஞ்சம் சறுக்குகிறார்கள். 'பொருட்கள், படிகள், போதும்' என்பது சமைக்கத் தெரிந்தவருக்குப் போதும். தெரியாதவருக்குச் சில வாக்கியங்கள் கூடவே வேண்டும்.

'மூன்று விசில் விடவும்' என்று இருக்கிறது. கேஸில் 5 லிட்டர் குக்கருக்கு எழுதியது அது. இண்டக்‌ஷனில் 2 லிட்டர் குக்கர் சீக்கிரமே விசில் அடிக்கும், பருப்பு வெந்திருக்காது. 'சிம்மில் வைக்கவும்' என்று இருக்கிறது. விலை குறைந்த இண்டக்‌ஷன் அடுப்புகளில் சிம் என்பதே கிடையாது. குறைந்த அளவில் வைத்தால் அது அணைந்து அணைந்து எரியும், பால் ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு அடுத்த நிமிடம் பொங்கும். ஊரில் இருந்து எடுத்து வந்த சாதாரண அலுமினியப் பாத்திரம் அதில் சூடாகவே ஆகாது. இதெல்லாம் பாட்டி கதை அல்ல. ஆனால் இரண்டாயிரம் சொல் எழுதும் பக்கங்களில் இந்த மூன்று வரி அநேகமாக இருப்பதில்லை.

'ஒரு கப்' என்பதும் அப்படித்தான். அமெரிக்கக் கணக்கில் சுமார் 240 மி.லி., ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மி.லி., வீட்டு டம்ளர் ஏறக்குறைய 200. அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே டம்ளர் என்றால் எதுவானாலும் கவலை இல்லை. ஒரு கப் ரவைக்கு முக்கால் ஸ்பூன் உப்பு என்று வரும்போதுதான் உப்புமா உப்பாகவே ஆகிவிடுகிறது.

ஒரு ஆளுக்கு, மிக்ஸி இல்லாமல், இண்டக்‌ஷனில் மிளகு ரசம் என்றால் குறிப்பு இப்படி இருக்கலாம்:

அரை நெல்லிக்காய் அளவு புளியை ஒரு டம்ளர் வெந்நீரில் ஊற வைத்துக் கரைக்கவும். மிளகு அரை டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், பூண்டு 3 பல். மூன்றையும் ஒரு கவரில் போட்டு டம்ளரின் அடியால் நசுக்கினால் போதும், மாவாக வேண்டாம். பாத்திரத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் கடுகு, ஒரு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. கடுகு வெடித்ததும் ஒரு சின்னத் தக்காளியை நறுக்கிப் போட்டு மசிக்கவும். நசுக்கியதைச் சேர்த்து அரை நிமிடம் வதக்கி, புளித்தண்ணீர், மஞ்சள்தூள், பெருங்காயம், அரை டீஸ்பூன் உப்பு. பச்சை வாசனை போக 5 நிமிடம். பிறகு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஓரத்தில் நுரை கூடியதும் அணைத்துவிடவும். தளதளவென்று கொதிக்க விட்டால் வாசனை போய்விடும்.

எழுபதுக்குச் சற்று மேற்பட்ட சொற்கள்தான். போன் திரையில் இரண்டு முறை விரலை நகர்த்தினால் முடிந்துவிடும். ஏன் கொதிக்கக் கூடாது என்ற கடைசி வரியை மட்டும் எந்தச் சுருக்கமும் வெட்டிவிடக் கூடாது.

இதற்குக் கீழே விளம்பரம் வரட்டும். பாட்டி கதையும் வரட்டும். ரசம் கொதிக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் படிக்க ஏதாவது வேண்டாமா? எழுதியவருக்கு வருமானம் போகக் கூடாது, சமைப்பவருக்கு அடுப்பு தீயக் கூடாது. வரிசையை மாற்றினாலே இரண்டும் நடக்கும்: குறிப்பு முதலில், மற்றதெல்லாம் பிறகு. அதோடு 'ஒருவருக்கு' என்று ஒரு பட்டன். நான்கு பேருக்கு எழுதிய அளவை வகுத்துக் காட்டுவது கணினிக்கு ஒரு வேலையே இல்லை; ஆங்கிலத் தளங்கள் பலவற்றில் அது எப்போதோ வந்துவிட்டது. உப்பும் காரமும் மட்டும் நேராக வகுபடாது, அங்கே ஆள் கை வைக்க வேண்டும்.

தளங்கள் மாறும்வரை வாசகர் கையிலும் சில வழிகள் உண்டு. பிரவுசரில் 'ரீடர் மோட்' அல்லது 'எளிமையான பார்வை' என்று இருக்கும். அதை அழுத்தினால் துள்ளும் பெட்டிகள் பாதிக்கு மேல் மறைந்துவிடும். சமைக்கும் முன் செட்டிங்ஸில் திரை அணையும் நேரத்தை 10 நிமிடமாக மாற்றிக்கொண்டால், மாவுக் கையோடு போனைத் தட்ட வேண்டியிருக்காது. நன்றாக வந்த குறிப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ரூம் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் பாத்திரத்தின் அளவோடு போட்டு வையுங்கள். முதலிலேயே குறிப்பைத் தரும் தளம் ஒன்று கண்ணில் பட்டால், அங்கே மட்டும் ஆட்பிளாக்கரை அணைத்துவிடுங்கள். அந்தச் சில பைசாதான், அடுத்த குறிப்பை இண்டக்‌ஷனில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு எழுத அவருக்குக் கிடைக்கும் காசு.